பார்க்கின்சன் மாத்திரையும் ஒரு டம்ளர் பாலும்

அப்பாவுக்குக் காலை முதல் மாத்திரை 7 மணிக்கு. எட்டு மாதமாக அதை ஒரு டம்ளர் சூடான பாலோடுதான் கொடுத்துவந்தோம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும் என்று அம்மாவுக்குப் பயம். பால் குடித்தால் தெம்பாவது வருமே என்று எனக்கு ஒரு நினைப்பு. ஏழரை, ஏழே முக்காலுக்கெல்லாம் கை கால் இளகியிருக்க வேண்டும்; ஒன்பது மணி ஆனாலும் இளகாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டையின் முதல் பொத்தானைக் காஜாவுக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். விரல் நழுவும். மறுபடி தள்ளுவார். நாங்கள் போட்டுவிடப் போனால் தலையை ஆட்டி வேண்டாம் என்பார்.

மாத்திரையின் வீரியம் போதவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, அடுத்த முறை டாக்டரிடம் போனபோது டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்டோம். அவர் சீட்டில் எதுவும் எழுதவில்லை. "எதோட சேத்துக் குடுக்குறீங்கம்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பாலோடதான் சார்."

"மாத்திரைய தண்ணியோட குடுங்க. பால் வேணும்னா ராத்திரிக்கு வச்சுக்கலாம். ரெண்டு வாரம் பாத்துட்டு வாங்க."

டோஸ் அதேதான். இரண்டாவது வாரத்தில் ஒருநாள், எட்டு மணிக்கு முன்பே அப்பா தானாகச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பார்க்கின்சன் என்றதும் சொந்தக்காரர்கள் முதல் வாட்ஸப் வரை எல்லோரும் "என்ன சாப்பிடணும்" என்று ஒரு பட்டியல் நீட்டுகிறார்கள். எதை எப்போது சாப்பிடுவது என்பதை யாரும் பேசுவதில்லை. மாத்திரை வேலை செய்வதும் செய்யாமல் போவதும் பல வீடுகளில் அந்த 'எப்போது' என்பதில்தான் இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை; அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இந்த நோயைப் புதிதாகச் சந்திக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் செய்யும் குழப்பம்

நம் ஊரில் கை நடுங்கினாலே அதற்கு ஒரே பெயர், நரம்புத் தளர்ச்சி. தளர்ச்சி என்றாலே சத்துக் குறைவு என்று தோன்றிவிடுகிறது. அதனால் மெடிக்கல் ஷாப்பில் 'நரம்பு மாத்திரை' வாங்கிக் கொடுக்கிறோம், பாதாம் ஊறவைத்துக் கொடுக்கிறோம், ஆட்டுக்கால் சூப் வைக்கிறோம். அதற்குள் ஒரு வருடம் போய்விடுகிறது.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் நடுக்குவாதம், கம்பவாதம் என்றும் சொல்வதுண்டு. நடுக்கம் இல்லாமலே வருபவர்களும் இருக்கிறார்கள். இறுக்கம், மெதுவான நடை, சிறுத்துக்கொண்டே போகும் கையெழுத்து, உணர்ச்சி காட்டாத முகம் என்று வேறு வழிகளிலும் அது தன்னைக் காட்டும்.

வீட்டில் பழைய தையல் மெஷின் இருந்தால் இது எளிதாகப் புரியும். ஊசி சரியாக இருக்கிறது, நூல் இருக்கிறது, பெல்ட்டும் அறுந்துபோகவில்லை. ஆனால் எண்ணெய் வற்றிவிட்டது. மிதித்தால் சக்கரம் நகர மறுக்கிறது, நகர்ந்தால் தடதடவென்று ஆடுகிறது. அப்பாவின் கைச்சதையும் கை நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. மூளைக்குள் வற்றிப்போன எண்ணெய்தான் டோபமின்.

உவமையை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னால், டோபமின் என்பது மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள். அசைவைச் சீராக வைத்திருக்கும் டோபமினைத் தயாரிக்கும் செல்கள், மூளையின் நடுப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு இடத்தில் இருக்கின்றன. பார்க்கின்சனில் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. கையில் நடுக்கமோ இறுக்கமோ வெளியே தெரியும்போது பாதியளவோ அதற்கு மேலோ போயிருக்கும். செத்த செல்லை எழுப்பும் உணவோ மாத்திரையோ இன்றுவரை கிடையாது.

வாழைப்பழத்தில் டோபமின் இருக்கிறதே!

'டோபமினைக் கூட்டும் 10 உணவுகள்' என்று வரும் செய்திகளில் வாழைப்பழம் தவறாமல் இருக்கும். வாழைப்பழத்தில் டோபமின் இருப்பது உண்மைதான். அதைச் சாப்பிட்டால் மூளைக்குப் போகும் என்பதுதான் தவறு.

ரத்தத்தில் ஓடும் எல்லாமே மூளைக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கின்றன. இதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். ஆள் பார்த்துக் கதவு திறக்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காவலாளி டோபமினை உள்ளே விடுவதில்லை. அதற்கு ஒருபடி முந்தைய பொருளான லெவோடோபாவை விடுகிறார். உள்ளே போன பிறகு மூளையே அதை டோபமினாக மாற்றிக்கொள்கிறது. இன்றும் பார்க்கின்சனுக்கு முதன்மையான மருந்து லெவோடோபாதான்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையில் நம் மண்ணின் மூலிகை ஒன்றும் வருகிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ரெசர்பின் என்ற மருந்து மூளையின் டோபமினை வற்றடித்துவிடும். 1957-இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு லெவோடோபாவை ஊசியாகப் போட்டார். அவை எழுந்து நடமாடின. இந்தப் பணிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இந்த நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியாகக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டாலும் வாய்க்கால் கரை வழியெல்லாம் உடைந்திருந்தால் கடைமடை வயலுக்கு என்ன வந்து சேரும்? லெவோடோபாவும் அப்படித்தான். குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி (என்சைம்), அது மூளையை எட்டும் முன்பே பெரும்பகுதியை டோபமினாக மாற்றிவிடும். வழியில் உண்டான அந்த டோபமின் மூளைக்குள் போகவும் முடியாது. கூடவே வாந்தி உணர்வைத் தூண்டிவிடும். அந்த உடைப்புகளை அடைக்கும் பொருள் கார்பிடோபா. இப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அட்டையில் 100+25 என்று போட்டிருந்தால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 25 மில்லிகிராம் கார்பிடோபா.

சரி, இதுவரை வந்ததைக் கொஞ்சம் தொகுத்துக்கொள்வோம். மூளையில் டோபமின் குறைவதுதான் நோய். டோபமினைச் சாப்பிட்டால் மூளைக்குப் போகாது. லெவோடோபா போகும். வழியில் வீணாகாமல் கார்பிடோபா காக்கும். இனி சாப்பாடு எங்கே குறுக்கே வருகிறது என்று பார்ப்போம்.

காலை எட்டு மணி டவுன் பஸ்

பருப்பு, பால், முட்டை, கறி, மீன் எல்லாவற்றிலும் உள்ள புரதம் குடலில் செரிக்கும்போது சிறு சிறு துண்டுகளாக உடைகிறது. அந்தத் துண்டுகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். இந்த ஒரு செய்தியிலிருந்து மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக, லெவோடோபா தானாக நடந்து போக முடியாது. ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியில்தான் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களில் பலவும் போகின்றன. காலை எட்டு மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா தனியாக ஸ்டாப்பில் நின்றால் ஏறி உட்கார்ந்துவிடுவார். அதே நேரத்தில் பள்ளிக்கூடம் போகும் நாற்பது பிள்ளைகள் வந்து நின்றால்? பஸ் அதேதான், அப்பாவும் அதே அப்பாதான், ஆனால் ஏற முடியாது. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம் புரதம் இருக்கிறது. நாங்கள் தினமும் அந்தப் பிள்ளைகளை நாங்களே கூட்டிக்கொண்டுபோய் ஸ்டாப்பில் விட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, இதே நெரிசல் இரண்டு இடங்களில் நடக்கிறது. குடல் சுவரில் ஒருமுறை. அப்புறம் மூளை வாசலில் மறுபடி ஒருமுறை. ரத்த-மூளைத் தடுப்பிலும் அதே மாதிரி வண்டிதான் ஓடுகிறது. அதனால் மாத்திரை ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்டாலும், கனமான புரதச் சாப்பாடு அதை மூளை வாசலில் காக்கவைக்கலாம்.

'டோபமின் பூஸ்டர்' என்று விற்கும் டைரோசின் மாத்திரைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உடல் டோபமினைச் செய்ய எடுக்கும் மூலப்பொருள் டைரோசின்தான். அதுவரை விளம்பரம் சரி. ஆனால் பார்க்கின்சனில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அதை டோபமினாக்கும் செல்கள்தான் குறைந்துபோயின. போதாதற்கு, டைரோசினும் அதே பஸ்ஸில் போகிற ஆள். காசு கொடுத்து வாங்கும் அந்த மாத்திரை, லெவோடோபாவின் இடத்துக்குத்தான் போட்டி போடுகிறது.

இரைப்பையும் இதில் சேர்கிறது. லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலில்தான். பஸ் புறப்படும் இடத்துக்கு மாத்திரை முதலில் போய்ச்சேர வேண்டும். பார்க்கின்சன் உள்ள பலருக்கு இரைப்பை காலியாவதே மெதுவாகத்தான். அதன்மேல் பிரியாணி, பூரி, நெய்ப்பொங்கல் மாதிரி எண்ணெயும் நெய்யும் கனத்த சாப்பாடு விழுந்தால் இன்னும் தாமதம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பதை நாங்களும் பார்த்திருக்கிறோம். "அலைச்சல்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

நேரத்தை மாற்றுவது எப்படி

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு.

நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமலே போகலாம். அப்போது மிச்சமிருக்கும் செல்கள், கிடைத்த லெவோடோபாவை டோபமினாக்கிச் சேமித்து வைத்து மெல்ல மெல்லச் செலவழிக்கும். நோய் முற்ற முற்ற அந்தச் சேமிப்பு குறைகிறது. மாத்திரை ஏறியதும் உடல் இளகுவதும், இறங்கியதும் இறுகுவதும் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். இளகியிருக்கும் நேரத்தை 'ஆன்' என்றும், இறுகிய நேரத்தை 'ஆஃப்' என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அப்படியே சொல்லப் பழகிவிடுகிறோம்: "அப்பா இப்ப ஆஃப்ல இருக்கார், அப்புறமா கூப்பிடுறேன்." இந்த ஏற்ற இறக்கம் வந்தவர்களுக்குத்தான் சாப்பாட்டு நேரம் மிகவும் முக்கியம்.

அப்படிப்பட்ட சிலருக்கு டாக்டர்கள் இன்னொரு முறையையும் சொல்வதுண்டு. பகலில் புரதத்தைக் குறைத்து, அந்த நாளுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு நகர்த்துவது. நம் சமையலுக்கு இது அவ்வளவு கடினமில்லை. காலையில் இட்லி, இடியாப்பம், தக்காளிச் சட்னி. மதியம் சோறு, ரசம், காய், கொஞ்சம் பருப்பு. இரவில் முட்டையோ மீனோ பயறோ, அப்புறம் தயிர், பால்.

ஆனால் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "புரதம் ஆகாது" என்று பாதியைக் கேட்டுக்கொண்டு வந்து கஞ்சியும் ரசமும் மட்டுமே கொடுத்து ஆளை உருக்கிவிடும் குடும்பங்கள் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 48 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 30 கிராம் பருப்பில் ஏழு கிராம் போல இருக்கும். கூட்டிப் பார்த்தால் நம் வீட்டு முதியவர்கள் பலர் அந்த அளவைத் தொடுவதே இல்லை.

இந்த முறையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இரவில் புரதம் கூடினால் இரவில் இறுக்கம் வரலாம், படுக்கையில் புரண்டு படுக்கச் சிரமப்படுவார். பகலில் மருந்து முன்பைவிட நன்றாக ஏறுவதால், தன்னிச்சையாகக் கை கால் நெளியும் அசைவுகளும் வரலாம். அப்போது டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். டாக்டருக்குத் தெரியாமல் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்பவர்கள், புரதம் குறைந்த ஏதாவது கொஞ்சம், இரண்டு பிஸ்கட்டோ பொரியோ ஒரு துண்டு பழமோ சேர்த்துக்கொள்ளலாம். குமட்டலுக்காக நாமே கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதுதான் ஆபத்து. வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், மூளையில் டோபமின் வேலை செய்வதைத் தடுக்கும் மருந்து. பார்க்கின்சன் உள்ளவருக்கு அது நோயை மோசமாக்கிவிடும். கடைக்காரரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சுருக்கமாக: மாத்திரை தண்ணீரோடு, சாப்பாட்டிலிருந்து விலகி. புரதம் வேண்டும், ஆனால் மாத்திரை நேரத்தில் வேண்டாம்.

துணைச்சத்து மாத்திரைகள்: பெரிய ஆய்வுகள் சொன்னது என்ன?

சாப்பாட்டுக்கு மேல் மாத்திரையாகவோ பொடியாகவோ எடுக்கும் சத்துகளைத் துணைச்சத்து என்று சொல்கிறோம். இவற்றைப் பற்றிப் பேசும் முன், ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையான மாத்திரை, இன்னொரு குழுவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரு குழுவுக்கும் வித்தியாசம் வந்தால்தான் மருந்துக்குப் பலன் இருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு சுற்று எதற்கு என்றால், பார்க்கின்சனில் நம்பிக்கையே மருந்து மாதிரி வேலை செய்யும். 2001-இல் கனடாவின் வான்கூவரில் ஆய்வாளர்கள், மருந்தே இல்லாத ஊசி போட்ட நோயாளிகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல மருந்து கிடைத்திருக்கலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே அங்கே டோபமின் வெளியாகியிருந்தது. ஆகவே, "இந்தப் பொடியைச் சாப்பிட்டேன், ஒரே வாரத்தில் நடை சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பொடிக்குத்தான் அந்தப் பெருமை சேருமா என்பது வேறு கேள்வி.

கோ-என்சைம் க்யூ10 என்ற துணைச்சத்து இதற்கு நல்ல உதாரணம். 2002-இல் 80 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வில், அதிக அளவில் எடுத்தவர்களுக்கு நோய் மெதுவாக வளர்ந்ததுபோலத் தெரிந்தது. உலகமே வாங்க ஆரம்பித்தது. அப்புறம் 600 பேரை வைத்துத் தினம் 1200, 2400 மில்லிகிராம் கொடுத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். பலன் வருவதற்கான அறிகுறியே இல்லை என்று 2011-இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். நம் ஊர்க் கடைகளில் அந்த மாத்திரை இன்னும் விலை குறையாமல் விற்கிறது.

கிரியேட்டினுக்கும் அதே கதை. 1741 பேர், தினம் 10 கிராம், போலி மாத்திரையோடு வித்தியாசமில்லை, 2013-இல் நிறுத்தம். வைட்டமின் ஈ-யைத் தினம் 2000 யூனிட் வீதம், 800 பேர் பங்கெடுத்த ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தாமதப்படவில்லை. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகப் போகிறது என்பதைப் பார்த்து, அதைக் கூட்டும் இனோசினைக் கொடுத்தார்கள். யூரிக் அமிலம் கூடியது, கூடவே சிறுநீரகக் கல்லும் வந்தது, நோயின் போக்கு மாறவில்லை.

இந்த நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று நிரூபணமான துணைச்சத்து இன்றைய தேதியில் ஒன்றுகூட இல்லை. இதைக் கேட்பது எனக்கும் வலித்தது. ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் பொடிகளுக்குச் செலவழித்துவிட்டு, பிசியோதெரபிக்குக் காசில்லை என்று நிறுத்திய குடும்பத்தை அறிவேன். உடற்பயிற்சி செய்யும் நன்மைக்குப் பக்கத்தில்கூட அந்தப் பொடிகள் எதுவும் வராது.

குறையிருந்தால் நிரப்ப வேண்டியவை

நோயை மாற்றாவிட்டாலும், உடலில் குறைந்துபோனால் கட்டாயம் சரிசெய்ய வேண்டிய சத்துகள் உண்டு. முதலில் வைட்டமின் பி12. லெவோடோபாவை உடல் செரித்து வெளியேற்றும்போது ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் கூடுகிறது. அதைக் குறைக்க பி12-உம் ஃபோலேட் என்ற வைட்டமினும் வேண்டும். நம் ஊரில் சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இருவருக்குமே பி12 குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதம் மரத்துப்போவது, எரிச்சல், தள்ளாட்டம் எல்லாம் பி12 குறைவாலும் வரும். அதைப் பார்க்கின்சன் கணக்கில் எழுதிவிட்டால் எளிதில் சரியாகக்கூடிய ஒன்று சரியாகாமலே போய்விடும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

வைட்டமின் டி எலும்புக்காக. இந்த நோயில் கீழே விழும் அபாயம் கூடுதல்; விழுந்தால் இடுப்பு எலும்பு உடையாமலிருக்க எலும்பு திடமாக இருக்க வேண்டும்.

பி6 பற்றி ஒரு பழைய பயம் உண்டு. லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்தில் பி6 அதன் பலனைக் குறைத்தது, ஏனென்றால் வழியில் உடைப்பு ஏற்படுத்தும் அந்த நொதிக்கு பி6 துணை. கார்பிடோபா சேர்ந்த மாத்திரையில் சாப்பாட்டிலுள்ள பி6 பிரச்சினை செய்வதில்லை. ஆனால் 'நரம்பு மாத்திரை' என்று வருடக்கணக்கில் அதிக அளவு பி6 எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால்களை மரக்கச் செய்யும். மறுபுறம், கார்பிடோபா சேர்ந்த அந்த மாத்திரையை அதிக அளவில் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி6 குறைந்துபோவதும் உண்டு. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையில் எல்லோரும் தவறு செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். இரும்பு, குடலிலேயே லெவோடோபாவைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். இரண்டுமே சரியாக உள்ளே போகாது. நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு கலந்த மல்டிவைட்டமினுக்கும் அதே விதிதான். மாத்திரை டப்பாவில் 'காலை' என்று எழுதிய ஒரே குழியில் இரண்டையும் போட்டு வைப்பதில்தான் இது ஆரம்பிக்கிறது.

பூனைக்காலி: சேப்பாக்கத்தில் ஆரம்பித்த கதை

சித்தப்பா ஒருநாள் நாட்டு மருந்துக்கடைப் பொட்டலத்தோடு வந்தார். "இது பூனைக்காலி விதைப் பொடி. இங்கிலீஷ் மாத்திரையில இருக்கிறதும் இதுவும் ஒண்ணுதான். இத மட்டும் குடு, அத நிப்பாட்டிடு" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது. 1937-இல் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இரு ஆய்வாளர்கள் சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தாகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதற்கும் முன்பு, 1913-இல் மார்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஒருவகை அகன்ற அவரையிலிருந்து அதைப் பிரித்து, தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தியெடுத்தார். வழியில் உண்டாகும் டோபமின் செய்கிற வேலை என்று மேலே சொன்னேனே, அதேதான்.

பூனைக்காலிப் பொடி கொடுத்து நோயாளிகளின் அசைவு மேம்பட்டதை முறையான ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவை கொஞ்சம் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். அவற்றில் 16 வார ஆய்வு ஒன்றில் 14 பேருக்குப் பொடியைத் தினமும் கொடுக்கத் திட்டமிட்டார்கள். பாதிப்பேர் வயிற்றுத் தொல்லையாலும் அசைவு மோசமானதாலும் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மூலிகை என்பதால் அது மென்மையானது என்று நினைப்பதுதான் சிக்கல். பூனைக்காலி தருவது அதே லெவோடோபா, ஆனால் உடைப்பை அடைக்கும் கார்பிடோபா இல்லாமல். ஒரு ஸ்பூனில் எத்தனை மில்லிகிராம் என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் டோஸ் தெரியாமலே ஏறிவிடும். உடல் நெளிவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது என்று முடியலாம். மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது அதைவிட மோசம். கடும் இறுக்கம், காய்ச்சல், நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாலை நேரம் முழுக்க ஆனது. அவர் அன்போடு வாங்கிவந்தது, கோபப்பட எதுவுமில்லை.

மலச்சிக்கல், எடை, மயக்கம்

மலச்சிக்கல் பலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வந்துவிடுகிறது. குடல் மந்தமானால் மாத்திரையும் மந்தம். கீரை, கொய்யா, பப்பாளி, தோலோடு பயறு, அதற்கு ஈடாகத் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அடைத்துக்கொள்ளும். பாத்ரூம் போவது சிரமம் என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் தலைசுற்றல் வந்தால் அது ரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். ஒரே மூச்சில் நிறையச் சோறு சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டால் குறையும். உப்பைக் கூட்டுவது டாக்டர் சொன்னால் மட்டும்.

எடை குறைவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மணம் தெரியாததால் சாப்பாடு ருசிக்காது, நடுக்கமே உடலின் சக்தியைத் தின்னும், கையில் எடுத்த சோறு பாதி சிந்தும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, விழுங்குவதைச் சோதிக்கும் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். தண்ணீர் மாதிரி நீர்த்தவைதான் கெட்டியானவற்றைவிட எளிதில் புரையேறும் என்பது பலருக்குத் தெரியாது.

டாக்டரிடம் எடுத்துப்போக ஒரு நோட்டு

அப்பாவுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் நாலு கட்டம் போட்டோம்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு இளகியது, எத்தனை மணிக்கு இறுகியது. ஒரு வாரம் எழுதினால் போதும். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "1 மணி மாத்திரை. 1.10 சாம்பார் சாதம், அவித்த முட்டை 2. 3 மணி வரை ஆஃப்." புதன்கிழமை: "12.30 மாத்திரை. 1.15 ரசம் சாதம், பீன்ஸ். 1.20 ஆன்."

அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மதிய மாத்திரையை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார். முட்டை இரவுக்குப் போனது. அடுத்த முறை, வீட்டில் அப்பா எடுக்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட.